ஆறு பேரில் ஒரு கள்ளன்

கப்பல் மூழ்கிவிட்டது. மகளுடைய டேப்லெட் திரையில் நீலத் தண்ணீர் ஏறி வந்து பாய்மரத்தையும் மாலுமிப் பொம்மைகளையும் விழுங்கிவிட்டு, பச்சைச் சட்டை போட்ட ஒரே ஒரு பொம்மையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அது இடுப்பை ஆட்டி ஆட்டி ஆடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் பெயர்: கருணா. அதற்கும் மேலே பெரிய எழுத்தில்: கள்ளன் வென்றான். பொற்கொடி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அண்ணனா? இருக்காது, ஏதோ கோளாறு, போன வாரம்கூட நெட் போய்ப் போய் வந்து என்னென்னவோ காட்டியது, அண்ணன் இல்லவே இல்லை, இப்போதுதானே சொன்னான், அந்தக் குரல் இன்னும் காதுக்குள்ளேயே கிடக்கிறது, “பாப்பா, அம்மா மேல சத்தியமா நான் இல்ல” என்று. பிறகு எப்படி அவன் பெயர் வரும்? டேப்லெட்டுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மஸ்கட்டிலிருந்து சித்தி மகன் சுதாகர் விசிலடித்தான். “ஆத்தாடி, போலீஸுக்கே அல்வா குடுத்துட்டாருய்யா எங்க வீட்டுக்காரரு!” என்று மதினி ஈஸ்வரி சிரித்தாள். அண்ணன் மகள் யாழினி, “அத்தே, நான் எவ்ளோ கத்துனேன், என்னைய நம்பலேல்ல? நல்லா வேணும்” என்றாள். எல்லாருக்கும் பின்னால், இருமலும் சிரிப்புமாக அம்மாவின் குரல்: “ஏண்டா, வெளாட்டுக்கு என்னையவா பலி குடுக்குற? நல்லவேளை, இன்னும் உசுரோடதான் கெடக்கேன்.” அதற்கும் ஒரு சிரிப்பு அலை. பொற்கொடியும் சிரிக்கப் பார்த்தாள். கைவிரல்கள் சில்லென்று ஆகியிருந்தன. ஓசூரில் மார்கழியில்கூட இப்படிச் சில்லிடாது, இது ஏப்ரல் மாதம், பிற்பகல், மேலே காற்றாடி சுற்றினாலும் முதுகு வேர்க்கிற வெயில்.

அவளுக்குத் தோற்பது புதிதில்லை என்று சொல்ல முடியாது. புதிதுதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனால் குடும்பமே இந்தக் கப்பலில் ஏறிவிடும். ஆறு பேர். ஐந்து பேர் நல்லவர்கள், எந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுவார்கள், கயிறு முடிவார்கள், ஓட்டையை அடைப்பார்கள். ஒருவன் கள்ளன். யார் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். தனியாக மாட்டுகிறவரைக் கடலில் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து கயிறு முடிவான். ஒரு ஆள் குறைந்தால் மணி அடிக்கும், எல்லாரும் கூடிப் பேச வேண்டும், ஓட்டுப் போட்டு ஒருவரைத் தூக்கிக் கடலில் போட வேண்டும். மற்றவர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள், நீ எங்கே நின்றாய், நான் எங்கே நின்றேன் என்று வக்கீல் மாதிரி வாதாடுவார்கள். பொற்கொடி ஒன்றையும் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்பாள். யாழினி கள்ளனானால் கேள்வியைத் திருப்பிக் கேட்பாள். மதினிக்குக் கோபம் வந்துவிடும். அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், யாரும் விசாரிக்கும் முன்னாலேயே, “நான் பாட்டுக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான்ப்பா இருந்தேன்” என்று ஆரம்பித்துவிடுவாள். அண்ணன் கள்ளனாக வந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பான், சம்பந்தமில்லாமல் ஒரு ஜோக் அடிப்பான். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி, அதனால்தான் போலீஸ் என்று பட்டம். இன்றைக்கு அண்ணன் சிரிக்கவில்லை. கடைசியில் மூன்று பேர் நின்றார்கள், அவள், அண்ணன், யாழினி. அவள் ஓட்டுத்தான் முடிவு. யாழினி கத்தினாள். அண்ணன் குரலைத் தாழ்த்தி, நிதானமாக, கடைசிச் சொல்லில் லேசாகத் தொண்டை அடைக்க, அம்மா மேல் சத்தியம் பண்ணினான். அவ்வளவுதான், அவள் அடுத்ததை யோசிக்கவே இல்லை, யாழினியைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டாள். அண்ணன் அந்தக் குரலில் சத்தியம் பண்ணினால் அது உண்மை. அந்தக் குரலை அவள் இதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், இது விளையாட்டு, அது வேறு. ஆனால் மனசு சொன்ன பேச்சைக் கேட்டால்தானே. விளையாட்டிலும்கூடச் சத்தியம் கூடாது என்றுதான் இந்த வீட்டில் ஏற்பாடு. ஆரம்பத்தில் யாழினி ஒரு தடவை “சாமி சத்தியமா” என்று சொல்லப் போக, அம்மா அவளைப் பிடித்து உலுக்கிவிட்டாள், பொய்ச் சத்தியம் பண்ணினால் யார் பெயரில் பண்ணினோமோ அவர்களைத் தாக்கும், இன்னொரு வாட்டி அந்த வார்த்தையைச் சொன்னால் நான் ஆட்டத்துக்கே வர மாட்டேன் என்று. அன்றிலிருந்து எவ்வளவு புளுகினாலும் எவரும் சத்தியம் மட்டும் பண்ணியதில்லை. அந்த அம்மா மேலேயே இன்றைக்கு இவன் பண்ணியிருக்கிறான். அம்மா கோபப்படாமல் சிரிக்கிறாள். ஏன் சிரிக்கிறாள்? பேத்தியிடம் அவ்வளவு பேசினவள் மகனை ஏன் விட்டுவிட்டாள்? பொற்கொடி அந்தக் கேள்வியைப் பிடிப்பதற்குள் அது நழுவிவிட்டது, ஏனென்றால் ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்த அன்றைய அருப்புக்கோட்டைத் தெருமுனை கண்முன் வந்துவிட்டது. விடிந்தும் விடியாத நேரம், இரவு பஸ்ஸில் வந்து கசங்கின சேலை, கையில் ஒரு மாலை, தெரு தொடங்கும் மாவுமில் பக்கத்தில் பெரியப்பாவும் பங்காளிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சேவியரைக் கட்டிக்கொண்டு போனவள் அப்பன் பிணத்தைத் தொடக் கூடாது என்று பெரியப்பா எழுந்து நிற்கிறார். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சத் தெம்பில்லை. மாலையைத் தெருவிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் குனிந்தாள். அப்போதுதான் அண்ணன் வீட்டிலிருந்து ஓடி வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “அம்மா மேல சத்தியமா சொல்றேன், அப்பா கடைசியா பாப்பாவத்தான் கேட்டாரு. கண்ணைத் தொறந்து, ‘பாப்பா வந்துட்டாளா’ன்னு கேட்டுட்டுத்தான் உசுர விட்டாரு.” நிதானமாக. கடைசிச் சொல்லில் லேசாகத் தொண்டை அடைக்க. பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். செத்தவன் கூப்பிட்ட பிறகு இருக்கிறவன் எப்படி மறிப்பது? அவள் உள்ளே போனாள்.

அதே குரல். ஐயோ, அதே குரல். இல்லை, ஏன் அப்படி நினைக்க வேண்டும், ஒரு மனுஷனுக்கு ஒரு குரல்தானே இருக்கும், உண்மைக்கு ஒன்று பொய்க்கு ஒன்று என்று ரெண்டு வாங்கியா வைத்திருப்பான். சின்ன வயதிலிருந்து அவளிடம் பொய் சொல்லாதவன். சேவியரைப் பற்றி முதலில் சொன்னது அவனிடம்தான், அவன் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு ஜெயிக்க வேண்டும் என்று ஏதோ வாய் தவறி வந்திருக்கும். விளையாட்டுச் சத்தியத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாவு வீட்டுச் சத்தியத்தோடு ஒட்டுப் போடுகிறாளே, புத்தி கெட்டுப் போயிற்றா. அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் அணைத்தாள். பால் அடுப்பெல்லாம் வழிந்து கருகிக் கிடந்தது. துடைக்கத் துணியை எடுத்தவள், துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளறையில் சேவியர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கூடத்துச் சுவரில் அப்பாவின் படம். அந்தப் படத்தை மாட்டியதே சேவியர்தான். “கடைசில உன்னையக் கேட்டாருல்ல, விடு, பெரிய மனுஷன்” என்று ஆணி அடித்தான். கல்யாணத்தன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தன் சட்டையைப் பிடித்த மனுஷனுக்கு அவன் வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். மகளுக்குத் தாத்தா என்றால் பாப்பா வந்துட்டாளா என்று கேட்ட தாத்தா. பொற்கொடியும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அப்பாவை மன்னித்தாள், பேசாமல் போன அத்தனை வருஷத்தையும் மன்னித்தாள், பிரசவத்துக்கு யாரும் வராததை மன்னித்தாள். அம்மாவைத்தான் முழுசாக மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு அம்மா வாசலுக்கு வந்து கட்டிப்பிடித்து அழுதாள், “உங்கப்பாவே கூப்புட்டாருடி, வா” என்றுதான் அழுதாள். நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. புருஷன் சொன்னால் மகள், சொல்லாவிட்டால் மகள் இல்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ வந்தாள் போனாள், பேத்தியைக் குளிப்பாட்டினாள், ஞாயிறு தவறாமல் கப்பலில் ஏறுகிறாள். ஆனாலும் அம்மா கன்னத்தைத் தடவும்போதெல்லாம், இது உன் கையா அப்பா கொடுத்த அனுமதியா என்று ஒரு முள் குத்தும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சரி, போலீஸ்தானே நீ, விசாரி. கண்ணை மூடிக்கொண்டு கேள். என்ன சொன்னான்? கண்ணைத் திறந்தார். கேட்டார். உயிரை விட்டார். எங்கே? மதுரையில், ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில். எப்படி இருந்தார்? அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், சொந்தக்காரர் யார் வந்தாலும் சொல்லுவாள், மூணு நாளா வாயில கொழாய வச்சு மெஷின்ல மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு பாவம் என்று. வாயில் குழாய். பொற்கொடியின் கையிலிருந்து துணி விழுந்தது. வாயில் குழாய். போன வருஷம் மாமனாருக்கு இங்கே ஓசூரில் அதே குழாயைத்தானே வைத்தார்கள். அவள்தானே பக்கத்தில் இருந்தாள். தாத்தா ஏன் பேச மாட்டேன் என்கிறார் என்று மகள் கேட்டபோது, குழாய் தொண்டைக்குள்ளே போகிறது கண்ணு, அது இருக்கிற வரைக்கும் யாராலும் பேச முடியாது என்று சொன்னது யார்? இவள். தண்ணீர் வேண்டும் என்று மாமனார் அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார், அந்த விரலின் நடுக்கம்கூட இன்னும் நினைவிருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டே அப்பாவை நினைத்து அழுதாள், என் அப்பாவும் இப்படித்தானே கிடந்திருப்பார் என்று நினைத்தாள், நினைத்த அந்தக் கணத்திலும் ‘பாப்பா வந்துட்டாளா’ என்று அவர் கேட்டதாகவே நம்பினாள். எப்படி? குழாய் வைத்த வாய் எப்படிக் கேட்கும்? கண் தெரியாமலா இருந்தாள், காது கேட்காமலா இருந்தாள்? மஸ்கட்டில் இருக்கிறவனின் மூச்சை வைத்துக் கள்ளனைக் கண்டுபிடிக்கிறவள், ஏழு வருஷமாக உள்ளங்கையில் இருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்க்க வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டாளா? அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயோ அப்பா, நீங்கள் கேட்கவே இல்லையா?

போன் அடித்தது. அண்ணன். டேப்லெட்டில் அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் காத்திருக்கிற இரைச்சல் கூடத்தில் கேட்டுக்கொண்டேயிருந்தது. இவன் மட்டும் தனியாக ஏன் அழைக்கிறான்? அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எடுத்தாள்.

“பாப்பா, ஏன் பேச மாட்டேங்குற? கோவமா? வெளாட்டுக்குத்தானே...”

காற்றுச் சத்தம் கேட்டது. மொட்டை மாடிக்கு வந்துவிட்டான்.

“அண்ணே,” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “கொழாய் வச்சிருந்தப்ப அப்பா எப்படிண்ணே பேசுனாரு?”

அவள் காத்திருந்தாள். சிரிப்பான், ஜோக் அடிப்பான் என்று பாழாய்ப்போன மனசு எதிர்பார்த்தது, இன்னும் ஒரு தடவை அந்தக் குரலில் சத்தியம் பண்ணினால்கூட நம்பிவிடலாம் போல இருந்தது. பண்ணேன் அண்ணே. பண்ணித் தொலையேன்.

“பேசல பாப்பா.”

“அப்ப...”

“நான் அந்த நேரத்துல அங்கயே இல்ல. டீ குடிக்கக் கீழ எறங்கியிருந்தேன். திரும்பி வந்தா முகத்தை மூடிட்டாங்க.”

“அதுக்கு முன்னாடி? கொழாய் வைக்கிறதுக்கு முன்னாடி? ஒண்ணுமே கேக்கலையா?”

“வேணாம் பாப்பா, விடு.”

“சொல்லுண்ணே.”

“நான்தான் கேட்டேன். பாப்பாவ வரச் சொல்லவாப்பான்னு. மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.”

இடி விழுந்த மாதிரி என்று சொல்கிறார்களே, அதெல்லாம் ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. அடுப்பில் கருகின பால் நாறியது. சேவியரின் குறட்டை கேட்டது. உலகம் அது பாட்டுக்கு இருந்தது, அவளுக்குத்தான் அப்பா இரண்டாவது தடவையாகச் செத்துப் போனார். இந்தத் தடவை மாலை வைக்கக்கூட முகம் காட்டாமல் செத்துப் போனார். சுவர்ப் பக்கம் திரும்பின அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் இனிமேல் அதைத்தான் பார்ப்பாள், கூடத்துப் படத்தில் அவர் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாலும். கோபம் வந்தது. செத்தவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? கையில் கிடைத்தவன் அண்ணன்தான்.

“ஏண்ணே இப்படிப் பண்ணுன? அம்மா மேல பொய்ச் சத்தியம் பண்ணி, என்னைய ஏமாத்தி... ஏழு வருசமா நான் ஒரு பொய்யக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன்ண்ணே. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அப்பா கூப்புட்டாருன்னுதானே அது என்னைய உள்ள விட்டுச்சு?”

“பாப்பா,” என்றான். “அம்மாதான் சொல்லச் சொன்னுச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. சொல் சொல்லாகக் கேட்டது, சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

“என்ன?”

“ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு. அப்பாவ இன்னும் வெளியகூடக் கொண்டு வரல. அழுகவே இல்ல அது. என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘பாப்பா வருவா, இவங்க தெருவுலயே நிறுத்திருவாங்க. அப்பா அவளக் கேட்டாருன்னு சொல்லு. வெறுமன சொன்னா உங்க பெரியப்பன் நம்ப மாட்டான், என் தலை மேல சத்தியம் பண்ணு’ன்னுச்சு. நான் மாட்டேன்னுட்டேன். பொய்ச் சத்தியம் உன்னையத்தானம்மா தாக்கும்னேன். ‘தாக்கட்டும். எம் மக உள்ள வரணும்’னுச்சு. உன் கிட்டச் சொல்லவே கூடாதுன்னும் சொல்லுச்சு. அப்பா கூப்புட்டதாவே நீ நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்னு.”

அதற்கு மேல் அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. போனை எப்போது வைத்தாள் என்றும் தெரியாது. பொய்ச் சத்தியம் ஆளைத் தாக்கும் என்று அம்மா நம்புகிறாள், சும்மா அல்ல, நிஜமாகவே நம்புகிறாள், பேத்தியை உலுக்கின உலுக்கல் பொய்யில்லை. நம்பிக்கொண்டே தலையைக் கொடுத்திருக்கிறாள். புருஷன் பிணம் உள்ளே கிடக்கும்போது. ஒரு சளி வந்தாலும், ஒரு மயக்கம் வந்தாலும், இதோ அதுதான் வருகிறது என்று ஏழு வருஷமாகத் தனியாக நினைத்திருப்பாளா? நினைத்திருப்பாள். நினைத்துக்கொண்டே கன்னத்தைத் தடவியிருப்பாள், அந்தக் கையைத்தான் இவள், அனுமதி வாங்கி வந்த கை என்று கணக்குப் பார்த்தாள். கூப்பிட்டது அம்மா. அப்பா இல்லை, அம்மா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அம்மா அவர் வாயையே கடன் வாங்கிக் கூப்பிட்டுவிட்டாள். பொற்கொடிக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சியில் அதுகூட உறைந்து போயிருந்தது. சுவரைப் பிடித்து எழுந்து கூடத்துக்கு வந்தாள். டேப்லெட்டில் அடுத்த ஆட்டம் தொடங்கி நடந்துகொண்டிருந்தது. இந்த முறை யார் கள்ளன் என்று யாருக்குத் தெரியும். அவளுடைய மஞ்சள் பொம்மை மட்டும் எந்திர அறை நடுவில் அசையாமல் நின்றது. ஊதாச் சட்டைப் பொம்மை ஒன்று கதவைத் தாண்டிப் போனது, நின்றது, திரும்பி வந்து அவள் பொம்மையின் பக்கத்தில் ஒட்டி நின்றது. ஆட்டத்துக்கு நடுவே மைக்கை அணைத்து வைக்க அம்மாவுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் வராது.

“ஏத்தா, ஏன் இப்படி ஒத்தையில நிக்கிற?” என்றாள் அம்மா. “எல்லாரும் உன்னையத்தான் சந்தேகப்படுவாங்க. என் பின்னாலயே வா.”

பொற்கொடி விரலை வைத்தாள். மஞ்சள் பொம்மை நகர்ந்தது.